நாய் மூக்கு வாங்கின ராசா

ஒரு ஊர்ல, நம்ம ஊரு மாதிரியேதான், ஆனா நம்ம ஊரு இல்ல, அங்க மாமுண்டி ராசான்னு ஒரு ராசா இருந்தானாம். அந்த ராசாவுக்குக் கண்ணுன்னா கண்ணு, அப்படி ஒரு கண்ணு! மாடத்துல நின்னு பாத்தான்னா, ஆத்துக்கு அக்கரையில மேயுற ஆடு தாடிய ஆட்டுறது வரைக்கும் தெரியுமாம். அதனால அவனுக்கு ஒரே பெரும. பெரும முத்திப்போய் ஒரு சட்டமே போட்டுட்டான். "எங்கண்ணுக்குத் தெரிஞ்சா உண்டு, தெரியலன்னா இல்ல." இதுதான் சட்டம். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

அப்ப ஒரு குடியானவன் வந்து, "ராசா, மூணு நாளா வயித்துவலி, வேலைக்கு வர முடியல"ன்னானாம். ராசா அவன் வேட்டியத் தளத்திவிட்டு வயித்தப் பாத்தான். "எங்க வலி? எனக்குத் தெரியலையே? போய் வேலையப் பாரு." அப்புறம் ஒருத்தி வந்து, "காத்து எங்கூரையப் பிச்சிக்கிட்டுப் போயிருச்சு ராசா"ன்னா. "அந்தக் காத்தக் கூட்டிட்டு வா, பாப்போம்"னுட்டான். அப்புறம் அவன் கட்டுன ராணி, வடிவுன்னு பேரு, பொன்னான பொம்பள, அவ வந்து, "என்னங்க, இன்னைக்கு மனசே சரியில்லீங்க"ன்னா. "மனசா? எங்க இருக்கு, காட்டு"ன்னான். அவ வந்த வழியே திரும்பி உள்ள போயிட்டா. வேற என்ன செய்வா?

சரி, கேளு. அந்த அரமணைக்கு முன்னால ஒரு பெரிய பொட்டல். புல்லு கிடையாது, பூண்டு கிடையாது, வெறுந்தரை. அங்க சுருளின்னு ஒரு நாய் கெடக்கும். வாலு அப்படியே சுருண்டு முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால சுருளி. அவனுக்கு கருவாச்சின்னு ஒரு பொண்டாட்டி, அப்பத்தான் கண்ணு தெறந்த குட்டிங்க. அரமணைச் சமையக்கட்டுல மிச்சம் மீதி வாங்கித் தின்னுட்டு, பொட்டல்ல படுத்துக்கிட்டு, நல்லாத்தான் இருந்தாங்க.

ஒரு நாளு சுருளி தூங்கிட்டு இருந்தவன் சடக்குன்னு எந்திரிச்சான். தலைய இப்படிச் சாச்சான். அப்படிச் சாச்சான். மூக்கத் தரையில வச்சு இழுத்தான். அப்புறம் வெறுந்தரையப் பாத்து, வள் வள் வள்ளுன்னு கொலைக்க ஆரம்பிச்சான் பாரு! மறுநாளு கருவாச்சியும் சேந்துக்கிட்டா. அதுக்கு மறுநாளு ஊர்ல இருக்குற அத்தன நாயும் வந்து பொட்டல்ல வட்டங்கட்டி நின்னுக்கிட்டு, நடுவுல ஒன்னுமே இல்லாத தரையப் பாத்து கொலைக்குதுங்க. ஊரே காதப் பொத்திக்கிச்சு.

ராசா எறங்கி வந்தான். அந்தப் பேர்போன கண்ண உருட்டி உருட்டிப் பாத்தான். குனிஞ்சு பாத்தான், நிமிந்து பாத்தான், சுத்தி வந்து பாத்தான். ஒரு எறும்பு கூட இல்ல.

ஆனா ஒன்னும் இல்லாமயா நாய் கொலைக்கும்? உங்ககிட்ட மட்டும் சொல்றேன், ராசாகிட்ட சொல்லிறாதீங்க. அந்த ராசாவுக்குச் சேந்தன்னு ஒரு மந்திரி. தேனு மாதிரி பேசுவான், உள்ளுக்குள்ள அத்தனையும் வெஷம். அவன் தன் வீட்டுக்குள்ள இருந்து பூமிக்கு அடியில வழி தோண்டுறான். வெளியூர் ஆளுங்கள எறக்கி, மம்பட்டிக்குத் துணி சுத்தி, சத்தமில்லாமத் தோண்டுறான். பொட்டலுக்கு அடியில போயி, அரமணைக்கு அடியில போயி, ராசா படுக்குற கட்டிலுக்கு அடியில வந்து எந்திரிக்கணும், ராசாவ முடிச்சுட்டு முடிய எடுத்துத் தான் வச்சுக்கணும். இதுதான் அவன் திட்டம். அது மனுசக் காதுக்குக் கேக்கல. நாய்க் காதுக்குக் கேட்டுச்சு!

அப்ப சேந்தன் மந்திரி வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். "மகாராசா, இல்லாத ஒன்ன இருக்குன்னு சொன்னா அதுக்கு என்ன பேரு?"

"பொய்யி."

"பொய் சொன்னவங்களுக்கு நம்ம நாட்டுல என்ன தண்டனை?"

"ஊர விட்டு வெளியேத்தணும்."

"இந்த நாய்ங்க மூணு நாளா என்ன செய்யுது மகாராசா? இல்லாத ஒன்ன இருக்கு இருக்குன்னு சொல்லுதுங்க. சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதானே?"

பாத்தியா வேலைய! ராசாவும், "ஆமால்ல?"ன்னுட்டான். கண்ணு இருந்த அளவுக்குப் புத்தி இருந்தா நாம ஏன் இந்தக் கதைய சொல்லிக்கிட்டு இருக்கோம்?

ஆத்துக்கு நடுவுல ஒரு மணல்திட்டு. நாணலும் கரையான் புத்துமா கெடக்கும். ஊரு நாயெல்லாம் புடிச்சுப் படகுல ஏத்தி அங்க கொண்டு போய் எறக்கிட்டாங்க. ஊருச் சனம் கரையில நின்னு அழுகுது. நாயும் அங்க இருந்து அழுகுது. கருவாச்சியையும் குட்டிங்களையும் ஒரு கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. சுருளிய மட்டும் புடிக்க முடியல. அவன் கயித்த அத்துக்கிட்டு, காரமுள்ளுக்குள்ள பூந்து, கால்ல ரத்தம் ஒழுக ஒழுக ஓடி, ஊரெல்லையில இருக்குற கருப்பன் கோயிலுக்குப் போய் விழுந்தான்.

விடியக்காலம் கருப்பன் ஊரச் சுத்திட்டு வந்து குதிரைய விட்டு எறங்குறாரு. பெரிய மீச, கையில அருவா. வாசல்ல சுருளி கெடக்கான்.

"என்னடா சுருளி, வாலு நிமிந்து கெடக்கு? என்ன கேடு வந்துச்சு?"

"சாமி, எங்கள பொய் சொல்றோம்னு திட்டுல தள்ளிட்டாங்க. என் பொண்டாட்டி போயிட்டா, பிள்ளைங்க போயிருச்சு. நாங்க பொய் சொல்லல சாமி! தரைக்குக் கீழ மம்பட்டி சத்தம் கேக்குது. ஈரமண்ணு வாடை வருது. வேத்தாளு வேர்வை வாடை வருது. அதுல ஒருத்தனுக்குப் பல்லு சொத்தை, அது கூட வருது! இத்தன வருது, அந்த ராசா நின்னு பாத்துட்டு ஒன்னும் இல்லங்கிறாரு. அவரு எதுக்கு சாமி பொய் சொல்றாரு?"

கருப்பன் மீச குலுங்கச் சிரிச்சாரு. "அவன் பொய் சொல்லலடா, கிறுக்கா. அவனுக்கு நெசமாவே ஒன்னும் வரல. மனுசன் மூக்கு சளி சிந்துறதுக்குத்தான் லாயக்கு."

சுருளிக்கு நம்ப முடியல. "ஒன்னுமே வராதா? பின்ன எப்படி சாமி உசிரோட இருக்காங்க?"

"நீயே போய்ப் பாரு. இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் அவன் கண்ணும் காதும் மூக்கும் உனக்கு. உன் கண்ணும் காதும் மூக்கும் அவனுக்கு. எந்திரிடா"ன்னு திருநீற அள்ளி மூஞ்சில அடிச்சாரு.

சுருளி கண்ணத் தொறந்தான். ஆத்தாடி! கோயில் முன்னால செம்பருத்தி பூத்திருக்கு. பொறந்ததுல இருந்து அந்தச் செடிக்குக் கீழதான் படுத்திருக்கான், ஆனா செவப்பு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. நாய்க் கண்ணுக்குச் செவப்பெல்லாம் காஞ்ச சாணி நெறந்தான். மஞ்சளு தெரியும், நீலம் தெரியும், அவ்வளவுதான். இப்பப் பாத்தா அந்தப் பூவு பளீர்னு நிக்குது! கிளி பச்சையாப் பறக்குது! "சாமி, இது என்ன, இது என்ன"ன்னு குதிக்கிறான். குதிச்சுட்டு, வழக்கம்போல மூக்கத் தூக்கி இழுத்தான். ஒன்னும் வரல. தரைய மோந்தான். ஒன்னும் இல்ல. தன் காலையே மோந்து பாத்தான், அதுவும் இல்ல. பயந்துட்டான் பாவம். அவனுக்கு ஊரே வாய மூடிக்கிட்ட மாதிரி ஆயிருச்சு.

இப்ப அரமணைக்கு வா, அங்கதான் இருக்கு கூத்து.

மாமுண்டி ராசா முழிச்சான். பாத்தா அவனோட செவப்புப் பட்டு மெத்த மண்ணு நெறத்துல கெடக்கு. "எவன்டா என் மெத்தைய மாத்துனது?"ன்னு கத்துனான். அவன் கத்துனது அவன் காதுலயே இடியா விழுந்துச்சு. காதப் பொத்திக்கிட்டு சன்னலுக்கு ஓடுனான். அக்கர ஆடு எங்க, ஆட்டுத்தாடி எங்க, ஆறே கலங்கலாத் தெரியுது! "ஐயோ எங்கண்ணு போச்சே"ன்னு மூச்ச இழுத்தான் பாரு.

அப்படியே நின்னுட்டான்.

ஏன்னா மூக்கு வழியா உலகம் முழுக்க உள்ள வந்துருச்சு! ஒன்னு மேல ஒன்னா, ஒன்னுக்குள்ள ஒன்னா வருது. நேத்து எரிஞ்ச விளக்கெண்ண தனியா வருது, முந்தாநேத்து எரிஞ்சது தனியா வருது. அறையக் கூட்டுனவ கருவாடு தின்னுட்டு வந்து கூட்டியிருக்கா, அழுதுக்கிட்டே வேற கூட்டியிருக்கா, அது வருது. இந்த வழியா ஒரு பூன போயிருக்கு, இங்க நின்னுருக்கு, இந்தா இங்க யோசிச்சிருக்கு, அப்புறம் அந்தப் பக்கம் தாவிருச்சு. பூன இல்ல, ஆனா பூன போனது அப்படியே இருக்கு! நமக்கெல்லாம் போனது போனதுதான். நாய்க்கு நேத்தும் இன்னைக்கும் ஒரே எடத்துல அடுக்கி வச்சிருக்கும். ராசாவுக்குத் தல சுத்துது, சிரிப்பும் வருது, "இதெல்லாம் இத்தன நாளா எங்கடா இருந்துச்சு?"ன்னு தனியாப் பேசுறான்.

அப்ப ராணி வடிவு மஞ்சக் குளிச்சுட்டு உள்ள வந்தா. மஞ்ச வாசம் வந்துச்சு, மல்லிகப் பூ வாசம் வந்துச்சு, அதுக்குக் கீழ வடிவு வாசம் வந்துச்சு. அதுக்கும் கீழ, புதுசா, குட்டியூண்டு, இன்னொரு வாசம். ராசா கிட்ட போனான். மோந்தான். அவளுக்கு வெக்கமாப் போச்சு.

"என்னங்க இது, நாய் மாதிரி?"

"வடிவு, நீ முழுகாம இருக்கியா?"

ராணி வாயில கைய வச்சுக்கிட்டா. "ஐயோ! எனக்கே நேத்துத்தானே தெரியும்! எங்கம்மாவுக்குக் கூடச் சொல்லலையே! உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"வருது வடிவு, வருது! ரெண்டு பேரு வாசம் வருது!"ன்னு அவளத் தூக்கிச் சுத்துனான். "எங்க, காட்டு"ன்னு கேக்கவே இல்ல பாத்துக்க. அன்னைக்கு அந்தப் பொம்பளைக்கு இருந்த சந்தோசத்தச் சொல்லி முடியாது.

ராசா கீழ எறங்குனான். போற வழியெல்லாம் மோந்துக்கிட்டே போறான். காவக்காரன மோந்தான், "ராத்திரி தூங்கிட்டல்ல?"ன்னான். சமையக்காரன மோந்தான், "பழைய மோர ஊத்துனல்ல?"ன்னான். யானைப்பாகன மோந்தான், "உன் பிள்ளைக்குக் காய்ச்சலா, போ, வீட்டுக்குப் போ"ன்னான். அவனவன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான்.

அப்ப சேந்தன் மந்திரி வர்றான். சந்தனத்த அள்ளிப் பூசியிருக்கான், சவ்வாது தடவியிருக்கான், பூமாலை போட்டிருக்கான். ராசாவுக்கு அதெல்லாம் மேலாப்புல வந்துட்டுப் போயிருச்சு. அதுக்கு அடியில ஈரமண்ணு. அதுக்கு அடியில வேத்தாளுங்க வேர்வை. அதுக்கும் அடியில பயம். பயத்துக்கு வாடை உண்டு, தெரியுமா உனக்கு? புளிச்சுப்போன கஞ்சி கணக்கா வரும். நீ பயந்து நின்னா நாய் உன்னையே பாக்குது பாரு, அதான்.

"மந்திரி, தோட்ட வேல செஞ்சீரோ?"

"நானா மகாராசா? மண்ணத் தொட்டே வருசக்கணக்காச்சே"ன்னு கைய விரிச்சுக் காட்டுனான். கை கழுவி வச்ச வெங்கலச் செம்பு கணக்கா சுத்தமா இருக்கு. கண்ணு சுத்தம்ங்குது. மூக்கு மண்ணுங்குது. பொறந்ததுல இருந்து மொத தடவயா ராசாவுக்குத் தன் கண்ணு மேல சந்தேகம் வந்துச்சு.

அந்த நேரம் பாத்து, காலுக்குக் கீழ எங்கியோ சரக். சரக். சரக்.

ராசா பொட்டலுக்கு ஓடுனான்! கிரீடம் ஒரு பக்கம் விழுது, அங்கவஸ்திரம் ஒரு பக்கம் விழுது, எதையும் எடுக்கல. குப்புறப் படுத்துத் தரையில காத வச்சான். மூக்க வச்சு இழுத்தான். நாய்ங்க வட்டங்கட்டி நின்ன அதே எடம்! "இருக்குடா! கீழ இருக்கு! ஆளுங்க இருக்காங்க! தோண்டுங்கடா!"ன்னு கத்துறான்.

ஊரே கூடிருச்சு. எல்லாரும் குனிஞ்சு பாக்குறாங்க. வெறுந்தரை. சேந்தன் மந்திரி முன்னால வந்து தலையில அடிச்சுக்கிட்டான். "ஐயோ, மகாராசாவுக்குப் புத்தி கலங்கிருச்சே! மண்ண மோக்குறாரே! ஒன்னும் இல்லாத எடத்துல ஆளு இருக்குங்கிறாரே! மக்களே, உங்க கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?"

"தெரியலையே"ன்னாங்க சனம்.

"தெரியலன்னா இல்ல. இது மகாராசா போட்ட சட்டந்தானே? அவரப் புடிச்சுக் கட்டி உள்ள படுக்க வைங்க. நாட்ட நான் பாத்துக்கிறேன்."

காவக்காரங்க கயித்த எடுத்துக்கிட்டு வர்றாங்க. ராசா, "வேணாம்டா, நம்புங்கடா, எனக்குக் கேக்குதுடா, எனக்கு வருதுடா"ன்னு கெஞ்சுறான். ஒருத்தனும் நம்பல. நேத்து நாய்ங்க இப்படித்தானே கெஞ்சிச்சு? அது அப்பத்தான் அவன் நெஞ்சுல சுருக்குன்னு குத்துச்சு. அழுதுட்டான் ராசா.

கூட்டத்த வெலக்கிக்கிட்டு ராணி வடிவு வந்தா. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டா. ஒருத்தன் கையில இருந்த கடப்பாரையப் புடுங்குனா. "எங்க தோண்டணும், சொல்லுங்க."

மந்திரி பதறுறான். "ராணியம்மா, உங்க கண்ணுக்கு ஏதும் தெரியுதா?"

"என் வயித்துல பிள்ள இருக்கு. அது உன் கண்ணுக்குத் தெரியுதா? இவருக்குத் தெரிஞ்சுச்சுய்யா! தள்ளு அங்கிட்டு"ன்னு போட்டா பாரு ஒரு போடு! பொட்டத்தர பொலபொலன்னு உள்ள போச்சு! பெரிய பள்ளம்! உள்ள இருந்து மண்ணு மூஞ்சியும் மம்பட்டியுமா ஆளுங்க பெருச்சாளி மாதிரி ஒருத்தன் பின்னால ஒருத்தனா வெளிய வந்து, "எங்கள ஒன்னும் செய்யாதீங்க, சேந்தன் மந்திரிதான் தோண்டச் சொன்னாரு"ன்னு கும்புட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான், சொத்தைப் பல்லுக்காரன்! எல்லாரும் திரும்பிப் பாத்தா மந்திரியக் காணோம். கூட்டத்துக்குள்ள பூந்து நழுவிட்டான் திருட்டுப்பய.

"அவனப் புடிங்க"ன்னு சனம் ஓடுது. ஆனா ராசா ஓடல. மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். காலையில இருந்து மலைப்பக்கமா ஒரு வாடை வந்துக்கிட்டு இருக்கு, என்னன்னு தெரியாமயே இருந்தான். அழுகுன எலை, செம்மண்ணு, வேரோட சாஞ்ச மரம், எல்லாம் கலந்து வருது. காத நிமித்துனான். வெகு தூரத்துல உருமுது. அப்பத்தான் வெளங்குச்சு.

"வெள்ளம்! மலையில மழை பேஞ்சு வெள்ளம் வருது! ஐயோ, நாய்ங்க திட்டுல இருக்குடா!"

சனம் ஆத்தப் பாத்துச்சு. தெளிஞ்ச தண்ணி, கரையோரத்துல கூழாங்கல்லு தெரியுது. மேகம் கூட இல்ல. ஆனா இந்த வாட்டி ஒருத்தரும் "எங்க, காட்டு"ன்னு கேக்கல. கேட்டா ராணி கடப்பாரைய வச்சிருக்கால்ல! படகுக்காரங்க எல்லாரும் ராசா பின்னால ஓடுறாங்க.

கரைக்கு வந்தா, ராசாவுக்குத் திட்டு எங்க இருக்குன்னே தெரியல. நாய்க் கண்ணுக்கு ஆடுனா தெரியும், ஓடுனா தெரியும், அம்புட்டு தூரத்துல சும்மா கெடக்குற மண்ணு தெரியாது. தடுமாறி நிக்கிறான். அப்ப கோயில் பக்கம் இருந்து சுருளி பாஞ்சு வர்றான், "ராசா! ராசா!"ன்னு கத்திக்கிட்டே. மத்தவங்களுக்கு அது வள் வள்ளு. ராசாகிட்ட நாய்க்காது இருக்குல்ல, அவனுக்குப் பேச்சாவே கேக்குது!

"ராசா, அந்தா தெரியுது திட்டு, உங்க கண்ணால பாக்குறேன்! மேக்க தண்ணி செவப்பா வருது ராசா, செவப்பா! படக எடுங்க!"

"நீ முன்னால ஏறு சுருளி, நீ வழி சொல்லு, நான் துடுப்புப் போடுறேன்."

ராசா துடுப்புப் போடுறான், நாய் வழி சொல்லுது. "வலது பக்கம் பாறை ராசா! இடது பக்கம் திருப்பு! நேராப் போ நேராப் போ!" பின்னாலயே மத்த படகெல்லாம் வருது. திட்டுல எறங்கி அள்ளி அள்ளிப் போடுறாங்க நாய்ங்கள. கருவாச்சி குட்டிங்களக் கவ்விக்கிட்டு வந்து சுருளிகிட்ட ஓடுறா, மூஞ்சிய நக்குறா. சுருளிக்கு அவ வாசமே வரல. கண்ணாலதான் பாத்து, "நீதானே கருவாச்சி? நீதானே?"ன்னு கேக்குறான். அவ, "என்னைய மோந்து பாக்க மாட்டியா?"ன்னு அழுகுறா. ரெண்டும் அழுகுதுங்க, அதப் பாக்கக் கூடாது.

தண்ணி ஏறுது. கணுக்காலு, முழங்காலு, இடுப்பு. படகெல்லாம் கெளம்பிருச்சு. அப்ப கருவாச்சி அலறுனா. "ஒரு குட்டியக் காணோம்! கடைக்குட்டியக் காணோம்!"

ராசா அதக் கேட்டுச் சொல்ல, சுருளி ராசா கண்ணால திட்டு முழுக்கப் பாத்தான். நாணலு, நாணலு, நாணலு. "ஒன்னும் இல்லையே ராசா! எங்கயும் இல்லையே! போயிருச்சு ராசா, என் பிள்ள போயிருச்சு!"

ராசா மூக்க இழுத்தான். சேறு வருது. வெள்ளம் வருது. நாணலு வருது. இந்த மூக்கு ஓட்டைக்கு இல்ல, அந்த மூக்கு ஓட்டைக்கு, நூலு மாதிரி, பால் வாசம்.

"இருக்குடா! இருக்கு! எனக்கு வருதுடா சுருளி!"

தண்ணிக்குள்ள குதிச்சுட்டான் ராசா! ராணி கரையில நின்னு கத்துறா, கேக்கவே இல்ல. நெஞ்சளவு தண்ணியில நாணல விலக்கி விலக்கி, ஒரு கரையான் புத்துக்குப் பின்னால, உள்ளங்கை அளவு எடத்துல, நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கு கடைக்குட்டி! அதக் கழுத்தோட எடுத்துத் தலைமேல வச்சுக்கிட்டான், கிரீடம் இருந்த எடத்துல. படகுக்காரன் கயித்த வீசி இழுத்தான். அவன் படகுல விழுறான், செவப்பு வெள்ளம் வந்து திட்ட அப்படியே முழுங்குது. புத்து இல்ல, நாணல் இல்ல, ஒன்னும் இல்ல!

கை தட்டு, கை தட்டு. நான் ஒவ்வொரு தடவயும் இந்த எடத்துல மூச்சு வாங்கிருவேன்.

கரைக்கு வரவும் பொழுது சாயவும் சரியா இருந்துச்சு. ராசாவுக்குக் கண்ணு பளிச்சுன்னு வந்துருச்சு. சுருளிக்கு மூக்கு வந்துருச்சு. வந்ததும் அவன் செஞ்ச மொத வேல என்ன? கருவாச்சி கழுத்துல மூஞ்சியப் பொதச்சு ஒரே இழுப்பு. "நீதான்டி! நீயேதான்!"

கரையில ஊரே நிக்குது, நடுவுல ஒரு சாமியாரும் நிக்கிறாரு. சடாமுடி, நெஞ்சு வரைக்கும் தாடி, ஒடம்பெல்லாம் திருநீறு. ராசா பாத்தான். நல்ல சாமியாராத் தெரிஞ்சாரு. "சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க"ன்னு குனியப் போனான். சாமியாரும் கையத் தூக்கிட்டாரு.

சுருளி போயி சாமியார் கால மோந்தான். முதுகு முடி சிலுத்துக்கிச்சு. உர்ர்ருன்னான். கருவாச்சி வந்து மோந்தா, உர்ர்ரு. ஊரு நாயெல்லாம் வந்துருச்சு, உர்ர்ரு! சாமியார், "ச்சீ போ, ஒன்னும் இல்லாததுக்குக் கொலைக்குதுங்க, மகாராசா"ன்னாரு.

ராசா நிமிந்தான். தன் கண்ணால சாமியார மேலயும் கீழயும் பாத்தான். அப்புறம் சுருளியப் பாத்தான். "சாமி, எங்கண்ணுக்கு நீங்க சாமியார்தான். ஆனா சுருளி வேற என்னமோ சொல்றான்"ன்னு தாடியப் புடிச்சு ஒரே இழுப்பு! தாடி கையோட வந்துருச்சு. சேந்தன் மந்திரி நிக்கிறான், பயந்து நடுங்கிக்கிட்டு! அந்தப் பயத்துக்கு அவன் எந்தத் திருநீறப் பூசி மறைப்பான்?

அவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? தோண்டுன வழிய முழுக்க அவனே கூடையில மண்ணு சொமந்து மூடணும். மேப்பார்வை யாரு? சுருளி! தெனமும் போயி மோந்து பாப்பான், காத வச்சுக் கேப்பான். எங்கியாச்சும் மண்ணு பொதபொதன்னு இருந்தா நின்னு ஒரு வள்ளு. மந்திரி திரும்பக் கொட்டணும். மண்ணத் தொட்டே வருசமாச்சுன்னு சொன்னான்ல, ஆயுசு முழுக்கத் தொட்டான்.

ராசாவும் அந்தச் சட்டத்தக் கிழிச்சுப் போட்டான். வயித்துவலின்னு வந்தா, "பாவம், உக்காரு"ன்னான். மனசு சரியில்லன்னா, "என்னாச்சு, சொல்லு"ன்னான். ஆனா அவனுக்குள்ள ஒரு ஏக்கம் வந்துருச்சு. மறுநாள் காலையில ராணி தலையில மல்லிகப் பூ. ராசா ஆசையாப் போயி மூச்ச நல்லா இழுத்தான். ஏதோ கொஞ்சூண்டு வந்துச்சு. "இவ்வளவுதானா?"ன்னான். திரும்ப இழுத்தான். "இவ்வளவேதானா?"ன்னு சின்னப் பிள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுதானாம். நாட்டையே வச்சிருந்தவன், ஒரு நாளு வந்துட்டுப் போன மூக்குக்காக அழுதான்.

அப்புறம் எந்திரிச்சுப் போயி பொட்டல்ல சுருளி பக்கத்துல தரையில உக்காந்தான். "இப்ப என்னடா வருது?"ன்னு கேட்டான். சுருளி மூக்கத் தூக்கி, கண்ண மூடி, மெல்ல இழுத்தான். வாலு ஆடுச்சு. ராசா அது என்னன்னு தேடல. "நல்லதாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு, அவன் தலையத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தானாம்.

அதனால பிள்ளைகளா, உனக்குத் தெரியலன்னா, "எனக்குத் தெரியல"ன்னு சொல்லு. "அங்க ஒன்னும் இல்ல"ன்னு மட்டும் சொல்லிறாத. அம்புட்டுத்தான். கதையும் காலு மடக்கிப் படுத்துருச்சு, நாயும் வட்டம் சுத்திப் படுத்துருச்சு, நீங்களும் படுங்க.